எரிந்தால் குப்பையில்லை

பெறுநர்: மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி.

பொருள்: ஷாம்பு பாக்கெட்டுக்கு உயிர்ப்பிச்சை அளித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

அரியலூரிலிருந்து வணக்கம். 2001-இல் தனி மாவட்டம், 2002-இல் பழையபடி பெரம்பலூரோடு, 2007-இல் மறுபடி தனி மாவட்டம் என்று எங்களைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்தார்கள். எங்கள் அருமையை உள்ளபடி உணர்ந்தது தாங்கள்தான்.

2016 மார்ச் 18 அன்று வெளியிட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், மறுசுழற்சிக்கு ஆகாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு, ஹேர் டை, முகக் கிரீம் பாக்கெட்டெல்லாம் இந்தச் சாதிதான். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் பிரிக்க முடியாது. பழைய பேப்பர்க்காரர் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார். (குட்காவைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. குற்றம் பாக்கெட்டிலா, சரக்கிலா என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.)

கெடு முடிந்த ஒன்பதாம் நாள், 2018 மார்ச் 27 அன்று, திருத்தம் வந்தது. மறுசுழற்சிக்கு ஆகாவிட்டால் என்ன, எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தால் பாக்கெட் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அதற்கு ஊரறிந்த பொருள். எரியாத பிளாஸ்டிக்கை யார் கண்டது?

எரிக்க அடுப்பு வேண்டுமே, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் செத்துப் படிந்த சுண்ணாம்புக் கல்லை நம்பி சிமெண்ட் ஆலைகள் வந்தன. அந்தச் சூளைகளுக்குச் சென்னையிலிருந்தும் கழிவுப் பிளாஸ்டிக் லாரியில் வருகிறது. மயிலாப்பூரில் ஒருவர் தலைக்குக் குளித்த பாக்கெட், ஏறக்குறைய 1,450 டிகிரியில் எங்கள் ஊர்ச் சிப்பியோடு சேர்ந்து வெந்து, கிளிங்கராகி, சிமெண்டாகி, அவர் வீட்டு மாடிக்கே திரும்பிப் போகலாம். தெருமுனையில் கொளுத்துவதைவிட இது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் சூளை இருக்கிறது என்பதற்காகப் பாக்கெட்டை அச்சடித்துக்கொண்டே இருப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு சங்கதி. பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக் காட்டுப் பம்புசெட்டில் குளிக்கும் கூலிக்காரர் கை ஈரமாக இருக்கும். பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்புவார். நகக்கண் அளவுத் துணுக்கு, வாய்க்காலோடு போய்க் காட்டில் இறங்கிவிடும். அதைப் பொறுக்கிச் சூளைக்கு அனுப்பத் தங்கள் விதியில் எந்தப் பிரிவு இருக்கிறது? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்தக் கூலிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துக் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன், பணக்காரர் வீட்டுப் பொருள் ஏழைக்கும் எட்ட வேண்டும் என்றுதான் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அன்றைய கூலிக்கு அன்றைய ஷாம்பு. பெரிய பாட்டில் வாங்கு என்று கூலிக்காரருக்குப் புத்தி சொல்வது வயிறு நிறைந்தவர் வேலை.

'அப்படியானால் சீயக்காய்க்குத் திரும்புங்கள், அரப்புக்குத் திரும்புங்கள்' என்பீர்கள். திரும்பலாம். பச்சைமலை அடிவாரத்தில் உசிலை மரம் இன்னும் நிற்கிறது. இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. ஆனால் கடையில் கேட்டுப் பாருங்கள்: பச்சை இலைப் படம் போட்டு, 'இயற்கை' என்று எழுதி, அதே பளபளப் பாக்கெட்டில்தான் சீயக்காய்த் தூளும் தொங்குகிறது. எரிந்தால் அதற்கும் மோட்சம்.

ஆகவே, ஐயா, 2018-இல் சேர்த்த அந்தச் சில சொற்களை நீக்கிவிட்டுப் பழைய இரண்டாண்டுக் கெடுவை மறுபடி தொடங்குங்கள். கெடு முடிவதற்குள், பாக்கெட் போட்டு விற்கும் கம்பெனிகளையே மளிகைக் கடைக்குக் கேன் அனுப்பச் சொல்லுங்கள். செக்கில் எண்ணெய் வாங்குவதுபோல் குப்பியோடு போய், ஒரு ரூபாய்க்கும் அளந்து ஊற்றி வாங்கிக்கொள்கிறோம். அடுத்த திருத்தம் வருமுன் இதைச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரியலூர்க் குடிமகன் ஒருவன்