மியூசியம் மாமா

மியூசியம் மாமா கோடை விடுமுறையில், பெரும்பாலும் வேனின் முன்சீட்டில் காணப்படுவார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அல்லது பெறப்போகிறவர். டிரைவருக்கு வழி சொல்லத்தான் என்று முன்சீட்டைக் கேட்டு வாங்குவார். உண்மையில் அங்கே உட்கார்ந்தால்தான் சாலையோரப் பலகைகளைப் படிக்க முடியும். ‘அருங்காட்சியகம்’ என்ற எழுத்தும் ஓர் அம்புக்குறியும் கண்ணில் பட்டால் போதும், “தம்பி, லெஃப்ட்ல ஓரங்கட்டு” என்பார். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க இடம் தேடிக்கொண்டிருந்த பின்சீட்டுக் கூட்டம் இதைக் கேட்டதும் தூங்குவதுபோல் நடிக்கத் தொடங்கும்.

பெரிய அருங்காட்சியகங்கள் அவருக்கு ஒத்துவராது. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம், பழைய சென்னைக்காரர்கள் ‘செத்த காலேஜ்’ என்று அழைத்த இடம், ஒரே நாளில் பார்த்துத் தீராது. பார்த்துத் தீராத எதுவும் அவருக்குக் கடன் பாக்கி மாதிரி உறுத்தும். அவருக்கு வேண்டியது இரண்டு அறை, ஒரு டியூப்லைட், ஒரு காவலர். ஒரு பலகை விடாமல் படித்து முடித்தோம் என்ற நிறைவு அங்கேதான் கிடைக்கும்.

கொடைக்கானலுக்குப் போனால் பிள்ளைகள் படகுச் சவாரிக்குப் பறப்பார்கள். அவரோ பாதிரியார்கள் 1895இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகத்தில், பாடம் செய்த பறவையின் கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமல்லபுரத்துச் சிப்பி அருங்காட்சியகத்தில் மட்டும் குடும்பத்தோடு சமாதானம் உண்டு. உள்ளே ஆயிரக்கணக்கில் சிப்பியும் சங்கும் அவருக்கு. வெளியே முத்துமாலைக் கடை மாமிக்கு.

அவருடைய முழு ஆற்றலும் வெளிப்படும் இடம் தரங்கம்பாடி. டேனியர் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்குள் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், வாள், ஈட்டி, சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகள், போதாததற்குத் திமிங்கல எலும்பு. குடும்பத்தார் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டுக் கடல் காற்று வாங்கப் போய்விடுவார்கள். மாமா குண்டுகளை எண்ணுவார். ஜாடியின் முன் நின்று, “எங்க ஆச்சி வீட்டுல இதைவிடப் பெருசு இருந்துச்சு, ஊறுகாய் போட்டு வச்சிருந்தாங்க” என்று யாருமில்லாத அறைக்கு அறிவிப்பார். பிறகு காவலரைப் பிடிப்பார். தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் எங்கே என்று கேட்பார். அது கோபன்ஹேகனில் இருப்பது அவருக்கும் தெரியும். காவலருக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேள்வியே. “தெரியாதுங்க சார்” என்றால், 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுப் போனது வரை கால் மணி நேர விளக்கம். “டென்மார்க்குல இருக்கு சார்” என்று பதில் வந்துவிட்டால் முகம் வாடிவிடும்.

வெளியேறுமுன் வருகைப் பதிவேடு. மற்றவர்கள் பெயரும் ஊரும் எழுதும் இடத்தில் அவர் பதவியும் எழுதுவார். ஓய்வு பெற்றிருந்தால் அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’. குறிப்பு என்ற கட்டத்தில், பலகையில் வல்லின ‘ற’ வரவேண்டிய இடத்தில் இடையின ‘ர’ இருப்பதைத் தேதியிட்டுப் பதிவு செய்வார். அடுத்த ஆண்டு அது திருத்தப்பட்டதா என்று பார்ப்பதற்காகவே ஒரு பயணம் திட்டமிடப்படும்.

கேலி செய்யலாம். ஆனால் அந்தப் பலகைகளைக் கடைசி வரிவரை படிக்கிற ஆள் அவர்தான். காவலரிடம் உட்கார்ந்து பேசுகிற ஆளும் அவர்தான். இந்தச் சின்ன அருங்காட்சியகங்கள் யாருக்காகத் திறந்திருக்கின்றன என்று கேட்டால் அவரைத்தான் காட்ட வேண்டும்.

அவரோடு பயணம் போக நேர்கிறவர்களுக்கு ஒரு தகவல்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் தரங்கம்பாடிக் கோட்டைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் இரவே கிளம்பிவிடுவது நல்லது.