வரமாட்டேங்கிற ராசாவும் வாசல்ல நிக்கிற பேராண்டியும்

ஏலே பேராண்டி, உங்கம்மா போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. சனி ஞாயிறு வந்தா டாலஸ்ல பலசரக்குக் கடை வாசல்ல அட்டையும் பேனாவுமா நிக்கிறியாமே! ரெண்டு கட்சியும் நாட்டைக் கெடுத்துட்டாங்க, 2028ல ஒரு சுயேச்சையை இழுத்துக் கொண்டாந்து ஜனாதிபதி நாற்காலியில உக்கார வைக்காம ஓயமாட்டோம்னு போற வர்றவங்களை மறிக்கிறியாம். நல்ல காரியம்யா. வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு உன் பொண்டாட்டி புலம்புறது கெடக்கட்டும். நாடு முந்தியா, குழாய் முந்தியா?

ஒரே ஒரு சந்தேகம் இந்தக் கிழவனுக்கு. நீங்க கூப்பிடுற அந்தப் பெரிய மனுசன் வர்றேன்னு சொல்லிட்டாரா? ‘இன்னும் இல்ல தாத்தா, கையெழுத்து நெறைய சேர்ந்தா யோசிப்பாரு’ன்னுதானே சொல்லுவ? தெரியும்டா. எனக்கு இந்தக் கதை பூராவும் தெரியும்.

போன குளிருக்கு உன் வீட்டுல வந்து அடைஞ்சு கெடந்தேன்ல, அப்ப எனக்குப் பேச்சுத்துணை யாரு? எதுத்த வீட்டுக் கிழவனாரு. நான் பாதி இங்கிலீசு, பாதி சைகை. மிச்சத்துக்கு உன் மக மொழிபெயர்ப்பா இருந்தா. 1992ல அந்த மனுசனும் உன்னை மாதிரிதான் அட்டையும் பேனாவுமா வெயில்ல நின்னவரு. யாருக்காக? உங்க ஊர்க்காரர் ராஸ் பெரோவுக்காக.

பெரோ லேசுப்பட்ட ஆளில்லை. கம்ப்யூட்டர் வேலை செஞ்சு குடுக்கிற கம்பெனியை 1962ல ஆரம்பிச்சு, 1984ல ஜெனரல் மோட்டார்ஸ்காரங்களுக்கு 250 கோடி டாலருக்கு வித்தவரு. ஆளு குள்ளம், காது பெருசு, வாய் அதைவிடப் பெருசு. ஃப்ளோரிடாப் பக்கம் ஜாக் கார்கன்னு ஒருத்தர், பதவியில இருக்கிறவங்க அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பணும்னு கிளம்பினவரு, இவரைக் கூப்பிட்டு மேடை ஏத்தி ‘நீங்கதான் நிக்கணும்’னு உசுப்பேத்தினாரு. டென்னசியில ஒரு அரசியல்வாதி, ஜான் ஜே ஹூக்கர்னு பேரு, ஓயாம போன் போட்டுக்கிட்டே இருந்தாரு. எல்லாருக்கும் ஒரே பதில்: வேண்டாம், வேண்டாம்.

அப்புறம் 1992 பிப்ரவரி 20ஆம் தேதி ராத்திரி லாரி கிங்னு ஒருத்தர் டீவியில பேட்டி எடுத்தாரு. நிப்பீங்களான்னு கேட்டதுக்கு முதல்ல மாட்டேன்னாரு. நிகழ்ச்சி முடியப் போற நேரத்துல மறுபடி கேட்டதும் மனுசன் ஒரு நிபந்தனை போட்டாரு: சாதாரண ஜனங்களாச் சேர்ந்து 50 மாநிலத்துலயும் என் பேரை வாக்குச்சீட்டுல ஏத்திட்டா நிப்பேன்.

இதை நல்லாக் கவனி பேராண்டி. ஆசை இருக்குன்னு சொன்னா ஓட்டு வேணும்னு கையேந்தணும். ஆசை இல்லைன்னு சொன்னாப் பாரு, ஊரே வந்து இவர்கிட்டக் கையேந்தும். தராசு எப்படிச் சாயுது பாத்தியா? யாரு யாரைக் கூப்பிட்டதுன்னு நான் எதுத்த வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். அவரு காப்பியைக் குடிச்சுக்கிட்டே, ‘நாங்கதான்’னாரு. முப்பது வருசத்துக்கு மேல ஆகியும் நம்பிக்கை குறையலை. அப்பேர்ப்பட்ட நம்பிக்கை உனக்கும் இருக்கு, அதான் எனக்குப் பயம்.

ஆனா அந்த ஜனம் செஞ்ச வேலையைக் குறை சொன்னா நாக்கு அழுகிப்போகும். டாலஸ்ல ஒரு இலவச போன் நம்பர் போட்டாங்க, மணி அடிச்சு ஓயலை. கடையில சம்பளத்துக்கு நின்னவன், ரிட்டையராகி வீட்டுல கெடந்தவன், பட்டாளத்துல இருந்து வந்தவன்னு அதுவரைக்கும் ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் போகாதவங்க மேசையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு வந்துட்டாங்க. உங்க டெக்சஸ் மாநிலத்துல கேட்டது 54,000 சொச்சம் கையெழுத்து. இவங்க 2 லட்சத்துக்கு மேல வாங்கி, பொட்டி பொட்டியாக் கொண்டுபோய்த் தலைநகர் ஆஸ்டின்ல இறக்கினாங்க. ஜூன் மாசம் கேலப்னு ஒரு நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்புல பெரோவுக்கு நூத்துக்கு 39, அப்ப ஜனாதிபதியா இருந்த புஷ்ஷுக்கு 31, ஜனநாயகக் கட்சி கிளின்டனுக்கு 25. ரெண்டு கட்சியும் ஆடிப் போச்சு.

அங்கதான் வில்லங்கம் ஆரம்பிச்சுது. ஜெயிக்கிற குதிரைன்னு தெரிஞ்சதும் குதிரைக்காரங்க வருவாங்கல்ல? முன்னாள் ஜனாதிபதி கார்ட்டர்கிட்ட இருந்த ஹாமில்டன் ஜோர்டனும், 1984ல ரீகனுக்குத் தேர்தல் வேலை பார்த்த எட் ரோலின்ஸும் சம்பளத்துக்கு வந்து உக்காந்தாங்க. மேசை போட்டவனுக்கு மரியாதை போச்சு. பெரோவுக்கு இவங்க சொல்றதும் பிடிக்கலை, பத்திரிகைக்காரன் தோண்டுறதும் பிடிக்கலை. ஜூலை 15 ரோலின்ஸ் மூட்டையைக் கட்டினாரு. மறுநாளே பெரோ நான் நிக்கலைன்னுட்டாரு. காரணம் கேட்டா, ஜனநாயகக் கட்சி திருந்திருச்சு, நான் நின்னா யாருக்கும் பெரும்பான்மை வராம விவகாரம் கீழ்ச்சபைக்குப் போயிரும்னு விளக்கம். எதுத்த வீட்டுக்காரர் அந்த நேரத்துலயும் கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் நின்னாராம். சேதியை ஒரு கார்க்காரன் கண்ணாடியை இறக்கிச் சொல்லிட்டுப் போனானாம்.

அத்தோட விட்டாரா? அக்டோபர் 1ஆம் தேதி திரும்பி வந்துட்டாரு! தாலி கட்டுற நேரத்துல ஓடிப்போன மாப்பிள்ளை பந்தி போடுறப்பத் திரும்பி வந்த மாதிரி. இதுல பெரிய வேடிக்கை, ஜூலையில விலகினதுக்கு அக்டோபர் கடைசியில வேற ஒரு காரணம் சொன்னாரு: என் மக கல்யாணத்தைக் கெடுக்க எதிராளிங்க சதி பண்ணினாங்கன்னு. புஷ் ஆளுங்க மறுத்தாங்க, இவர்கிட்ட ஆதாரம் கேட்டா ஒண்ணும் இல்லை.

துணை ஜனாதிபதி கதை இன்னும் வேடிக்கை, கொஞ்சம் வருத்தமும்கூட. கையெழுத்துத் தாள்ல துணை வேட்பாளர் பேரும் இருக்கணும்னு சில மாநிலத்துச் சட்டம். ஒப்புக்குச் சப்பாணியா ஜேம்ஸ் ஸ்டாக்டேல்னு ஒரு கடற்படை அட்மிரல் பேரை எழுதி வச்சாங்க. வியட்நாம்ல ஏழு வருசத்துக்கு மேல சிறையில சித்திரவதைப்பட்ட வீரர், படிச்ச மனுசன். பேரை மாத்துறதுக்குள்ள நாள் ஓடிப்போய் அவரே நிசமான வேட்பாளரா ஆயிட்டாரு. விவாத மேடையில ஏறி, நான் யாரு, எதுக்கு இங்க இருக்கேன்னு ஆரம்பிச்சாரு. அவரு தத்துவமாக் கேட்டாரு, நாடே சிரிச்சுருச்சு. இன்னைக்கும் அவரைச் சொன்னா அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருதாம். ஒருத்தர் பேரை ஒப்புக்கு எழுதுறப்பக் கை நடுங்கணும்டா.

சரி, கணக்குக்கு வா. பெரோ டீவியில காசு கட்டி அரை மணி நேரம் வாங்கி, அட்டையும் குச்சியுமா நாட்டுக் கடனைப் பாடம் நடத்தினாரு. ஜனம் உக்காந்து பாத்துச்சு. கைக்காசு 6 கோடி டாலருக்கு மேல போச்சு. ஓட்டு 1 கோடியே 97 லட்சம். நூத்துக்குக் கிட்டத்தட்ட 19. மெயின் மாநிலத்துல புஷ்ஷுக்குக் கோடைக்கால வீடே இருந்துச்சு, அங்கயே புஷ்ஷை மூணாவது இடத்துக்குத் தள்ளிட்டாரு. கடைசியில ஜனாதிபதியைத் தீர்மானிக்கிற எலெக்டர் ஓட்டு எத்தனை கெடைச்சுது? முட்டை. 538ல ஒண்ணுகூட இல்லை.

ஏன்னா, ஏறக்குறைய எல்லா மாநிலத்துலயும் முதல்ல வந்தவனுக்கே மொத்தமும் போகும். 1968ல ஜார்ஜ் வாலஸ்னு ஒருத்தர், கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியாத்தான் இருக்கணும்னு அடம்பிடிச்ச ஆளு. நூத்துக்குப் பதிமூணரைதான் வாங்கினாரு, ஆனா எலெக்டர் 46. அவரு ஓட்டு தெக்க ஒரே மூலையில குவிஞ்சு கெடந்துச்சு. பெரோ ஓட்டு நாடு பூராவும் பரவிப் போச்சு. நல்ல மனசு உள்ளவங்க எங்கயும் கொஞ்சம் கொஞ்சம்தானப்பா இருப்பாங்க, வெறுப்புதான் ஓரிடத்துல குவியும். ஒருவேளை உன் ஆளு நாலு மாநிலத்தை ஜெயிச்சு, பெரும்பான்மைக்கு வேண்டிய 270 யாருக்கும் வரலைன்னு வை. விவகாரம் கீழ்ச்சபைக்குப் போகும். மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 26 வாங்கினவன் ராசா. அந்தச் சபையில இருக்கிறது யாரு? நீ வேண்டாம்னு சொல்ற அதே ரெண்டு கட்சி.

நீ கெட்டிக்காரன், உடனே மறிப்ப: ‘ஆளைப் பிடிக்காம மொதல்ல இடத்தைப் பிடிச்சா என்ன?’ன்னு. அதையும் செஞ்சு பாத்தாச்சு. 2012ல அமெரிக்கன்ஸ் எலெக்ட்னு ஒரு கூட்டம் 3 கோடி டாலருக்கு மேல கொட்டி, இருபதுக்கு மேல மாநிலத்துல வாக்குச்சீட்டுல இடம் பிடிச்சு வச்சுக்கிட்டு, வேட்பாளர் வேணும்னு தண்டோரா போட்டாங்க. பத்து மாநிலத்துல, மாநிலத்துக்கு 1,000 பேர் ஆதரிச்சாப் போதும்னாங்க. அந்தப் படியைத் தாண்ட ஒருத்தரும் வரலை. 2024ல நோ லேபிள்ஸ்னு ஒரு கூட்டம் மேன்சின், ஹோகன், கிறிஸ்டின்னு அரசியல்வாதிங்க வீடு வீடாத் தட்டிப் பாத்துட்டு ஏப்ரல்ல கடையைச் சாத்தினாங்க.

சரி, உன் ஆளு ஒத்துக்கிட்டாருன்னே வச்சுக்குவோம். இப்ப நீ வாங்குற கையெழுத்து அவரை ‘வாங்க சாமி’ன்னு கூப்பிடுறதுக்கு. அதுக்குச் சட்டத்துல காலணாப் பெறுமானம் கிடையாது. டெக்சஸ்ல மார்ச் மாசம், கட்சிங்க தங்க வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி முடிஞ்ச மறுநாள்தான் நிசமான தாளைக் கையில எடுக்கலாம், மே நடுவுலயே குடுத்தாகணும். பிரைமரியில ஓட்டுப் போட்டவன் கையெழுத்து செல்லாது. அரசியல்ல அக்கறை உள்ளவன் பூராவும் அங்க போட்டிருப்பான், உனக்கு மிஞ்சுறவன் அக்கறையே இல்லாதவன்! 2024ல அங்க கேட்டது 1,13,151 கையெழுத்து. கலிஃபோர்னியாவுல 2,19,403. நியூயார்க்ல ஆறு வாரத்துல 45,000. டென்னசியில மட்டும் 275 போதும், நம்ம தெருவை ரெண்டு நடை நடந்தா முடிஞ்சுரும். எவ்வளவு கேக்குறாங்களோ அதுல ஒண்ணரை மடங்காவது வாங்கு. விலாசம் மாறியிருக்கு, எழுத்து கோணியிருக்குன்னு வக்கீல்மாரு தாளைக் கசக்கிருவாங்க. ஜனாதிபதியா இருந்த கென்னடியோட தம்பி மகன் ஒருத்தர் 2024ல சுயேச்சையா நின்னாரே, விலாசம் சரியில்லைன்னு நியூயார்க் கோர்ட்டு அவர் பேரை எடுத்துருச்சு. அப்புறம் அவரா விலகி, மிச்சிகன்ல பேரை எடுங்கன்னு கேட்டா, அங்க கோர்ட்டு எடுக்கமாட்டேன்னுருச்சு. ஏற நினைச்ச இடத்துல ஏற விடலை, இறங்க நினைச்ச இடத்துல இறங்க விடலை.

உனக்கு நான் சொல்ற யோசனை ரெண்டே. அந்தப் பெரிய மனுசன் பாதியில ஓடினா நீங்க என்ன பண்றதுன்னு அவர்கிட்டயே இப்பவே நாலு பேர் முன்னாடி வாய்விட்டுக் கேளு. முகம் சுளிச்சாருன்னா அட்டையை மடிச்சு வச்சுட்டுக் குழாயைப் பாரு. அடுத்தது, நீங்க சேர்க்கிற பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் யார் கையில இருக்குன்னு பாரு. அது அவரு ஆபீஸ் அலமாரியில போய் உக்காந்துச்சுன்னா இயக்கம் அவருது, வெயில் மட்டும் உங்களுது. கூப்பிட்டவங்களுக்கு என்ன கதின்னு பாக்கணுமா, பெரோவை முதல்ல கூப்பிட்ட ஜாக் கார்கன் கதையைக் கேட்டியா? பெரோ அப்புறமா ஆரம்பிச்ச சீர்திருத்தக் கட்சிக்குத் தலைவராவும் வந்தாரு, 2000ல கட்சிக்காரங்களே அவரை இறக்கி விட்டுட்டாங்க.

இதெல்லாம் கேட்டும் நீ நிக்கத்தான் போற. உடம்புல ஓடுறது எங்க ரத்தம்ல? தலையில தொப்பியைப் போட்டுக்கிட்டு நில்லு. டெக்சஸுக்கு மட்டும் 40 எலெக்டர் பேரு நீங்களே தேடிக் குடுக்கணும், அதுல ஒண்ணுக்கு எதுத்த வீட்டுக்காரரைக் கேளு, சந்தோசப்படுவாரு. துணை வேட்பாளர் எடம் காலியா இருக்குன்னு அவசரத்துல என் பேரை எழுதிராத. நான் பொறந்தது கோவில்பட்டிப் பக்கம், உங்க சட்டம் ஒத்துக்காது.