காண்டாமிருகப் பண்டிதர்

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலின் காலை நெரிசலிலும் மடியில் ஒரு தடிப் புத்தகத்தை விரித்து வைத்திருப்பவரை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அட்டையில் ஒரு காண்டாமிருகம். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, "என்ன தம்பி, காட்டிலாகா பரீட்சையா?" என்பார். "இல்லம்மா, ஜாவாஸ்கிரிப்ட்." ஏதோ வியாதியின் பெயர் என்று எண்ணி, "கவலப்படாத, சரியாயிடும்" என்று அந்த அம்மா ஆறுதல் சொல்வார்.

இவரே காண்டாமிருகப் பண்டிதர். டேவிட் ஃபிளானகன் எழுதி ஓரெய்லி வெளியிட்ட 'ஜாவாஸ்கிரிப்ட்: தி டெஃபினிட்டிவ் கைடு' இவருடைய பாராயண நூல். 2011-இல் வந்த 6-ஆம் பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். முன்பகுதி பாடம், பின்பகுதி அகராதி. வேலை செய்யும்போது சிக்கல் வந்தால் புரட்டிப் பார்க்க வேண்டிய அந்த அகராதியையும் நம்மவர் முதல் எழுத்திலிருந்து அடிக்கோடு போட்டுப் படிப்பார். மஞ்சள் கோடு முக்கியம், பச்சைக் கோடு மிக முக்கியம். ஆரஞ்சு எதற்கென்று அவருக்கே மறந்துவிட்டது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா என்றால், இருக்கிறது. அதைத் துடைத்து வைத்திருக்கிறார். "அஸ்திவாரம் முக்கியம் சார். முழுசாப் படிச்சிட்டுத்தான் கை வைக்கணும்" என்பார். பிரவுசரில் எஃப்12 பொத்தானை அழுத்தி ஒரு வரி அடித்தால், சரியா தப்பா என்று அதுவே அந்த நொடியில் சொல்லிவிடும். உலகத்தில் இவ்வளவு சுலபமாகப் பரிசோதித்துப் பார்க்கக்கூடிய கல்வி வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. பண்டிதருக்கு அதெல்லாம் அவசரக்காரர்கள் செய்கிற காரியம்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற இந்தக் கம்ப்யூட்டர் மொழிக்கு பிரெண்டன் ஐக் 1995 மே மாதம், நெட்ஸ்கேப் கம்பெனியில், பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்து முடித்தார். யாராவது இதைச் சொன்னால் பண்டிதர் முகம் சுண்டிப் போகும். பத்து நாளில் ஒருவன் செய்ததைத் தான் இத்தனை வருஷம் படிப்பதாக எவனோ குத்திக் காட்டுகிறான் என்று அவருக்குத் தோன்றும். "அதனாலதான் அவ்வளவு ஓட்டை" என்று பதிலடி கொடுப்பார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அவருக்கு மனம் லேசாகும் நாள் சரஸ்வதி பூஜை. புத்தகம் சந்தனம் குங்குமத்தோடு அடுக்கின் அடியில் போய்விடும். பாரம் தாங்குவதற்கு அதைவிடத் தோதான புத்தகம் வீட்டில் இல்லை. அன்று படிக்கக் கூடாது என்பது சாஸ்திரம். அதை அவர் கூடுதலாக இரண்டு வாரம் அனுசரிப்பார்.

2020-இல் 7-ஆம் பதிப்பு வந்தபோதுதான் பேரிடி. புத்தகம் எழுநூறு பக்கச் சொச்சத்துக்கு இளைத்துவிட்டது. அகராதித் தகவலெல்லாம் இப்போது இணையத்திலேயே கிடைப்பதால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பண்டிதர் பச்சைக் கோடு போட்டதெல்லாம் அதில்தான். துக்கம் விசாரிக்கிற குரலில் நண்பர்கள் பேசினார்கள். புதியதையும் வாங்கினார், முன்னுரையிலிருந்து ஆரம்பித்தார்.

இதற்கிடையே அவருடைய அக்கா மகள், பிளஸ் டூ படிக்கிறவள், குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு வெப்சைட்டைத் தானே செய்துவிட்டாள். புத்தகம் கிடையாது, அஸ்திவாரம் கிடையாது. அடிப்பாள், உடையும், மறுபடி அடிப்பாள். ஒரு நாள் ராத்திரி பராமரிப்புக் கட்டணப் பக்கம் திறக்காமல் படுத்துக்கொண்டது. பண்டிதர் அடுத்த அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"மாமா, ஆப்ஜெக்டான்னு செக் பண்ணிட்டுத்தான் உள்ள விடறேன். அப்பவும் எரர் அடிக்குது."

இவர் எழுந்திருக்கக் கூட இல்லை. "'நல்'னு வெறும் மதிப்பு வருதா பாரு. 'டைப்ஆஃப்' போட்டுக் கேட்டா நல்லையும் ஆப்ஜெக்ட்டுனுதான் சொல்லும். ஆரம்ப காலத்துத் தப்பு. திருத்தினா பழைய சைட்டெல்லாம் உடையும்னு அப்படியே விட்டுட்டாங்க. நல்லுக்குத் தனியா ஒரு செக் போடு."

போட்டாள். பக்கம் திறந்தது. "எப்படி மாமா!" என்றாள். எந்தப் பக்கம், எந்தப் பத்தி, என்ன நிறக் கோடு என்று அவர் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

ஆகவே உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தால் கேலி செய்து அனுப்பிவிடாதீர்கள். வெப்சைட் செய்து தரச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். அடுத்த பதிப்பு வரட்டும் என்பார். செய்ததில் எங்கே தப்பு என்று கேளுங்கள்.