தங்கத்துக்கு மாற்று: மணலா, உப்பா?

இந்த வாரம் ஓட்டப்பிடாரம், தூத்துக்குடி வட்டாரத்துக் கேள்விகள் மட்டும்.

*ஒளி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தங்கம் எதற்கு? அங்கேயும் அட்சய திருதியை உண்டா?*
(பிளஸ் டூ மாணவி, ஓட்டப்பிடாரம்)

சவரன் கணக்கு இல்லை, நானோமீட்டர் கணக்கு. தங்கத்தை 40 நானோமீட்டர் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மஞ்சள் போய்ச் சிவப்பு வரும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதை எழுதிவைத்தார். ஒளி பட்டதும் துகளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள், பக்குவமாகத் தள்ளிவிட்ட ஊஞ்சல் மாதிரி, ஒன்றுசேர்ந்து ஆடும். அந்தக் கூட்டாட்டத்துக்குப் பெயர் பிளாஸ்மான். ஆட்டத்துக்கு ஒத்துவரும் பச்சை ஒளியைத் துகள் விழுங்கிவிட, சிவப்பு மிஞ்சும். மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரிகிற செங்கோடு பெரும்பாலும் இந்தத் தங்கம்தான். பிள்ளைக்கு அரைஞாண் வாங்குவதற்கு முன்பே வீட்டுக்குள் தங்கம் வந்துவிடுகிறது.

*பிறகு தங்கத்துக்கு மாற்றுத் தேடுவது எதற்கு? விலை கட்டுப்படியாகவில்லையா?*
(நகைப் பட்டறைக்காரர், ஓட்டப்பிடாரம்)

ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேண்டிய தங்கம் உங்கள் பட்டறைத் தரையைக் கூட்டினாலே கிடைத்துவிடும். சிக்கல் குணத்தில். நீல ஒளியைத் தங்கம் தின்றுவிடுகிறது. அது மஞ்சளாகத் தெரிவதே அதனால்தான். சூடும் தாங்காது. கட்டித் தங்கம் உருகுவது 1064 டிகிரியில். நானோ அளவில் செதுக்கிய முனை அதற்கு வெகு முன்பே மழுங்கி உருண்டுவிடும். ஹார்டு டிஸ்க்கில் ஒரு நுண்புள்ளியை லேசரால் சுட்டுப் பதிகிற முறை வந்தபோது இதுதான் பெரிய தலைவலி. இன்னொன்று, சிலிக்கான் சில்லு செய்யும் ஆலைக்குள் தங்கத்தை லேசில் சேர்க்கமாட்டார்கள். துளி பரவினாலும் டிரான்சிஸ்டர் கெட்டுப்போகும்.

*வ.உ.சி. பிறந்த ஊர்க்காரன் கேட்கிறேன். இதில் சுதேசிச் சரக்கு ஒன்றும் கிடையாதா?*
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓட்டப்பிடாரம்)

இருக்கிறது. டைட்டானியம் நைட்ரைடு. தெற்கே கடற்கரையில் காலில் ஒட்டுகிற கறுப்பு மணலில் இல்மனைட் உண்டு, அதற்குள் டைட்டானியம். நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் இல்மனைட்டைப் பக்குவப்படுத்திச் செயற்கை ரூட்டைல் எடுக்கிறார்கள். டைட்டானியத்தோடு நைட்ரஜன் சேர்ந்தால் அசல் தங்க நிறம். புதுவீட்டு மாடிப்படிகளில் பளபளக்கும் ‘கோல்டன் ஸ்டீல்’ கைப்பிடியிலும், துளைபோடும் மெஷினின் மஞ்சள் பிட்டிலும் இந்தப் பூச்சைப் பார்த்திருப்பீர்கள். உருக்க வேண்டுமானால் 2900 டிகிரிக்கு மேல் போக வேண்டும். சில்லு ஆலைகளிலும் ஏற்கெனவே பழகிய பொருள். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்து அலெக்சாண்ட்ரா போல்டசேவா, விளாதிமிர் ஷலாயெவ் குழுவினர் இதைப் பல வருஷமாகத் தூக்கிப்பிடிக்கிறார்கள். குறை என்ன? ஒளியைத் தங்கத்தைவிடக் கூடுதலாகச் சூடாக மாற்றி வீணடிக்கும். ஆனால் சூடுதான் வேண்டும் என்கிற இடத்தில், வெயிலை வாங்கி நீரைக் கொதிக்கவைக்கும் வேலையில், அதுவே லாபம்.

உடனே மார்தட்ட வேண்டாம். மணல் இங்கே கிடக்கிறது. மெல்லிய ஏடாகப் படியவைக்கும் வித்தை வேறிடத்தில் வளர்கிறது. கடல் இருந்தால் போதாது, கப்பலும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று 1906-ல் கம்பெனி தொடங்கியவர் உங்கள் ஊர்க்காரர்தானே!

*எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் உப்புதான். அதற்கு இதில் இடமுண்டா?*
(உப்பளத் தொழிலாளி, தருவைகுளம்)

கேலிக்குக் கேட்டிருந்தாலும் பதில் ‘உண்டு’தான்! உப்பின் அணுக்களில் பாதி சோடியம், அது ஓர் உலோகம். கத்தியால் வெட்டினால் வெண்ணெய்ப் பதத்தில் வெட்டுப்படும், வெட்டிய முகம் வெள்ளியாக மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் வெள்ளியைவிடக் குறைவாகத்தான் வீணடிக்கும் என்று கணக்கு சொல்லிக்கொண்டே இருந்தது. தண்ணீரைக் கண்டால் தீப்பிடிக்கிற பொருளை யார் தொடுவது? 2020-ல் சீனாவின் நான்ஜிங், பீகிங் பல்கலைக்கழகத்தார் தொட்டார்கள். சோடியம் 98 டிகிரியிலேயே உருகும். உருக்கி, குவார்ட்ஸ் தகட்டில் விட்டுச் சுழற்றிப் பரப்பி, காற்றுப்படாமல் மூடி, குட்டி லேசரே செய்துகாட்டினார்கள்.

உப்பைச் சோடியமாக்குவது பாத்தி கட்டுகிற வேலை இல்லை. 801 டிகிரியில் உருகும் உப்போடு கால்சியம் குளோரைடு சேர்த்து, 600 டிகிரி வாக்கில் இளக்கி, மின்சாரத்தால் பிரிக்க வேண்டும். இதனால் உப்பு விலை ஏறுமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். ஒரு கருவிக்கு வேண்டிய சோடியம் உங்கள் வீட்டு ரசத்தில் இருப்பதைவிடக் குறைவு.

*முத்தின் மினுமினுப்பில் என்ன உலோகம்?*
(இல்லத்தரசி, குறுக்குச்சாலை)

ஒரு உலோகமும் இல்லை. சுண்ணாம்புச் சத்துதான். அரை மைக்ரான் கனத்தில் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் ஒளி மோதித் திரும்பி நிறம் காட்டுகிறது. கிளிஞ்சல்களின் இந்த வண்ணத்தை 1930-களில் ஆராய்ந்தவர் சர் சி. வி. ராமன். மூலக்கூறில் பட்டுச் சிதறி நிறம் மாறி வருகிற, அவர் பெயர் தாங்கிய ராமன் ஒளி மிக மிக மெலிந்தது. சொரசொரப்பான வெள்ளியின் மேல் மூலக்கூறை ஒட்டவைத்தால் அது பல லட்சம் மடங்கு பெருகுவதை 1970-களில் கண்டார்கள். அதுவும் பிளாஸ்மான் கைங்கரியமே. வெள்ளி கறுத்துத் தொலைக்கிறது என்பதால் அங்கேயும் மாற்றுத் தேடல் நடக்கிறது.

*அலுமினியத்துக்கு ஏதாவது மரியாதை?*
(பாத்திரக்கடைக்காரர், புதியம்புத்தூர்)

புற ஊதா ஒளிக்கு அதுதான் ராஜா. மேலே தானாகப் படியும் சில நானோமீட்டர் ஆக்சைடே அதற்குச் சட்டை. காவலூரின் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கிக் கண்ணாடிக்கும் அலுமினியப் பூச்சுதான்.

*தாமிரம்?*
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

சிவப்பு ஒளியில் தங்கத்துக்குச் சரிநிகர். காற்றுப் பட்டால் களிம்பேறும். தூத்துக்குடிக்காரரிடம் தாமிரத்தைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

*டைட்டானியம் நைட்ரைடு பூசிய எஃகு வளையலை அடகுக் கடையில் எடுப்பார்களா?*
(கல்லூரி மாணவர், ஓட்டப்பிடாரம்)

உரைகல்லில் தேய்த்தால் மஞ்சள் கோடு விழாது, கல்லில்தான் கீறல் விழும். புதுக் கல்லுக்குக் காசு எடுத்துக்கொண்டு போங்கள்.