குறைந்த விலை கேமிங் கம்ப்யூட்டரில் பேஸ்ட்டின் இடம்: அசோக் நகரை முன்வைத்து

எல்லை வகுக்காமல் ஆய்வு தொடங்குவது இழுக்கு. ஆகவே முதலில் எல்லை. கிழக்கே மேற்கு மாம்பலம், மேற்கே கே.கே. நகர், வடக்கே கோடம்பாக்கமும் வடபழனியும், தெற்கே ஜாபர்கான்பேட்டை என்னும் நான்கெல்லைக்கு உட்பட்ட அசோக் நகரில், அப்பாவின் ஐம்பதாயிரம் ரூபாயில் கேம் ஆடும் கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்யத் துடிக்கும் மாணாக்கரே இவ்வாய்வின் களம். (மேற்கு மாம்பலம் கிழக்கே இருப்பது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.) நாற்பது ஆண்டு ஓடிய உதயம் தியேட்டர் 2024-இல் மூடப்பட்டதால்தான் இளைஞர்கள் வீட்டுத் திரைக்குத் திரும்பினர் என்றொரு கருதுகோள் உண்டு. சான்று இல்லை. ஆயினும் கருதுகோள் இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லையாதலின் அது இங்கே இடம்பெறுகிறது.

முறைப்படி இது ஓர் எம்.ஃபில். ஆய்வேடாக வந்திருக்க வேண்டியது. பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பட்டத்தையே 2022-இல் நிறுத்திவிட்டபடியால் கட்டுரையாகச் சுருங்கிற்று.

இத்துறையின் மூலபாடம் ஏட்டில் இல்லை. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவிலும் அதைச் சூழ்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றிலும் வாய்மொழியாக வழங்குகிறது. இவை அனைத்தையும் சேர்த்து வழக்கில் ‘ரிச்சி’ என்ப. பெயர் தெரியாத சங்கப் புலவர்க்கு அவர்தம் பாட்டில் வந்த தொடரையே பெயராக இட்டனர் நம் முன்னோர். செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப்பழங்கயிற்றினார் என்றாற்போல. அம்மரபைப் பின்பற்றி மூவர் ஈண்டு மேற்கோள் காட்டப்பெறுவர்: எதைக் கேட்டாலும் நாளைக்கு வரும் என்ற நாளைவருங்கிழார், விலை சொல்லுமுன் ‘பில்லு வேணுமா, வேணாமா?’ என்று வினவிய பில்வேண்டாப் பெருங்கடையார், ‘இதத்தான் சார் எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க’ என்பதையே எல்லா வினாவுக்கும் விடையாக அளித்த எல்லாருமெடுத்தார். மூவரும் சமகாலத்தவர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. மூவரும் ஒரே கடையில்தான் நிற்கிறார்கள்.

பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. போன வருடம் பெட்டி வாங்கிய சீனியர், இந்த வருடம் வாங்கப்போகும் ஜூனியருக்குச் சொல்லும் ரிச்சி ஆற்றுப்படையில் இரு மரபுகள் உள. அசோக் நகர் மெட்ரோவில் ஏறி ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறி அரசினர் தோட்டத்தில் இறங்குவது தென்வழி. எதிர்த்திசையில் ஏறி கோயம்பேடு, அண்ணா நகர், எழும்பூர் என ஊரைச் சுற்றி, சென்ட்ரலில் மாறி, அதே அரசினர் தோட்டத்தில் இறங்குவது வடவழி. தென்வழி குறுகியது. ஆய்வாளர்கள் வடவழியையே பரிந்துரைப்பர்; பக்கம் கூடும். தென்வழியில் ஆயிரம் விளக்கு நிலையத்தைக் கடந்து சென்ற மாணாக்கர், ராமில் விளக்கு, ஃபேனில் விளக்கு, கீபோர்டில் விளக்கு என்று ஆர்.ஜி.பி. மீது அளவிறந்த காதல் கொண்டு திரும்புவது தற்செயலாக இருக்க முடியாது.

எழுத்து, சொல், பொருள் மூன்றில் முதலிரண்டை மாணாக்கர் கரைத்துக் குடித்துள்ளனர். பொருள் அப்பாவிடம் உள்ளது. அதைப் பெறும் துறை ‘படிப்பின்மேல் வைத்துக் கேட்டல்’ எனப்படும். ‘கோடிங் படிக்கணும்பா, காலேஜ்லயே சொல்லிட்டாங்க.’ இத்துறையில் கிராபிக்ஸ் கார்டு என்ற சொல் வாராது. ‘கோடிங்குக்கு எதுக்குடா கண்ணாடி வெச்ச பொட்டி?’ என்னும் தந்தை கூற்றுக்கு மறுமொழி எந்தச் சுவடியிலும் கிடைத்திலது.

இனி உறுப்பியல். பிராசசர் இரு குடியினது: இன்டெல், ஏ.எம்.டி. இந்த விலைக்குள் நிற்போர் பெரும்பாலும் நாடுவன இன்டெல் ஐ3-12100எஃப், ரைசன் 5 5600 என்பன. இரண்டும் 2022-இல் பிறந்தவை. முன்னதற்கு நான்கு கோர், பின்னதற்கு ஆறு. ‘எஃப்’ என்னும் ஈற்றெழுத்தைச் சாரியை என்று தள்ளிவிடலாகாது. அது வந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு செருகாமல் மானிட்டரில் படம் வராது. ரைசன் 5 5600 ஈறே இல்லாமல் நின்றும் அதே பொருள் தருகிறது. ‘ஜி’ சேர்ந்து 5600ஜி ஆனால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. கார்டு வாங்கக் காசு சேரும்வரை காலம் தள்ள அது உதவும்.

மதர்போர்டு பிராசசரின் சாக்கெட்டுக்குப் பொருந்த வேண்டும்.

கேபினட்டில் காற்று நுழைய வேண்டும். முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்தால் நுழையாது.

ராம்: எட்டு ஜி.பி. இரண்டா, பதினாறு ஒன்றா? இரண்டு எட்டே. இரு வழியாகவும் ஒரே நேரத்தில் தகவல் ஓடும். 5600ஜி-யின் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ராமில்தான் கடன் வாங்குகிறது. அங்கே வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ‘இப்ப ஒண்ணு போடுங்க, அப்புறமா இன்னொண்ணு போட்டுக்கலாம்’ என்பது எல்லாருமெடுத்தார் கூற்று. அந்த ‘அப்புறம்’ 2025 இறுதியில் வந்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறிற்று. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த தொழிலையே விட்டுவிடுவதாக அறிவித்தது. ஒற்றை ராம் போட்டவர்கள் இன்னும் ஒற்றையாகவே இருக்கிறார்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கே பணத்தின் பெரும்பங்கு போக வேண்டும். இதில் விவாதம் இல்லாதபடியால் இப்பகுதி ஆய்வாளரை ஈர்ப்பதில்லை. 1080பி திரைக்கு 8 ஜி.பி. நினைவகமும் 132 வாட்ஸ் பசியும் கொண்ட ஆர்.எக்ஸ். 6600 போன்ற ஒன்று போதும். செகண்ட் ஹேண்டில் எடுப்போர்க்கு மட்டும் பாடபேத எச்சரிக்கை உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை இரவும் பகலும் நாணயம் தோண்டிய கார்டுகள் வேலை இழந்து சந்தைக்கு வந்தன. அவை யாவும் ‘ஒரு டாக்டர் வீட்ல இருந்தது சார், சும்மா மெயில் பாக்கத்தான் வெச்சிருந்தாரு’ என்னும் பாயிரத்தோடு வழங்கும். ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரில் இரு பிரதிகள் உலவுகின்றன: மூலப் பிரதியில் ஸ்ட்ரீம் பிராசசர் 2304, பின்வந்த பிரதியில் 2048. அட்டையில் பெயர் ஒன்றே. பதிப்பாசிரியர் இல்லாத குறை.

மின்சாரம் ஊட்டும் எஸ்.எம்.பி.எஸ்.: கேபினட்டோடு சேர்த்தே தரப்படுவதன் ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அச்சில் உள்ளதெல்லாம் உண்மை என்று கொள்ளலாகாது. இக்கட்டுரையும் அச்சில்தான் உள்ளது. 80 பிளஸ் முத்திரை இருந்தால், 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் குறைந்தது 80 விழுக்காட்டுத் திறன் காட்டித் தேறியது என்று பொருள். பில்வேண்டாப் பெருங்கடையார் முத்திரையைப் பார்ப்பதில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் தூக்கிப் பார்த்து, கனத்தால் ‘நல்ல பீஸு’ என்பார். நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஏடுகள் மதிப்பிடப்படும் முறையும் இதுவே. அசோக் நகர்ப் பெற்றோரின் கவலையோ வேறு: மின்கணக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்பது. 300 வாட்ஸ் இழுக்கும் பெட்டி தினம் நான்கு மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 72 யூனிட். அந்த நான்கு மணி நேரமும் கோடிங் என்றே வைத்துக்கொள்க.

நாற்காலி: அம்மாவின் தையல் மிஷின் ஸ்டூல்.

இனி நூலின் நுவல்பொருள். பிராசசரின் மேல்தகடும் ஹீட் சிங்க்கின் அடித்தகடும் பார்வைக்கு வழுவழுப்பானவை. நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாய் இருக்கும். இடையில் தங்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பவே தெர்மல் பேஸ்ட். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில், ரைசன் 5 5600 தன் உச்ச வரம்பாகிய 90 டிகிரியை நெருங்கும்போது பேஸ்ட்டின் அருமை விளங்கும். பேஸ்ட் வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்படுவர். எந்த வடிவில் வைப்பது என்பதில்தான் குடிகள் பிரிந்தன.

பொட்டுப் பள்ளியினர் நடுவே பட்டாணி அளவு வைத்தால் போதும் என்பர் (நாளைவருங்கிழார், வாய்மொழி, மாடிப்படி). எந்தப் பட்டாணி என்று மூலம் சொல்லாமையின் உரைகள் பெருகின. காய்ந்த பட்டாணி என்பார் ஒரு சாரார். மெரினா சுண்டலில் தேங்காய், மாங்காயோடு கூடும் பட்டாணி ஊறி வெந்து பருத்தது. சென்னை மாணாக்கன் ‘பட்டாணி’ எனக் கேட்டதும் நினைவுக்கு வருவது அதுவே. எனவே அதுவே மூலகர்த்தாவின் கருத்து என்பார் மறுசாரார் (மேலது, டீ வந்தபின்). இரண்டாம் உரையைக் கொண்டால் பேஸ்ட் பிதுங்கி மதர்போர்டில் வழியும். உரை சரி, மதர்போர்டுதான் பிழை என்று அவர்கள் சாதிக்கின்றனர்.

பட்டைப் பள்ளியினர் குறுக்கே மூன்று கோடிடுவர். இது மயிலாப்பூர்ப் பாதிப்பு என்பது வெளிப்படை. நாமப் பள்ளி பின்னர்த் தோன்றி உடனே இரண்டாகப் பிளந்தது: வடகலையார் யூ வடிவில் இடுவர், தென்கலையார் ஒய் வடிவில், பாதம் வைத்து இடுவர். ரிச்சியில் ஒய் மிகுதி. ஏனெனில் தென்கலை மரபினதாகிய திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது (மேலது, டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, சாட்சி: பக்கத்துக் கடைப் பையன், அவன் மறுக்கிறான்). காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு எந்த நாமம் என்ற வழக்கு லண்டன் வரை போனதாக ஒரு பேச்சு உண்டு. பிராசசர் வழக்கு இன்னும் கமெண்டோடு நிற்பது நாகரிக வளர்ச்சியே.

மிகு விவாதத்துக்குரியது எக்ஸ் வடிவம். மூலைக்கு மூலை குறுக்காகப் போகும் இது செயின்ட் ஆண்ட்ரூவின் சிலுவை. ஸ்காட்லாந்துக் கொடியில் இருப்பது. சென்னைக்கு இது எவ்வழி வந்தது? 1821-இல் எழும்பூரில் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் வழியே. வடவழியில் எழும்பூர் நிலையத்தைக் கடந்து ரிச்சி சென்ற மாணாக்கரே எக்ஸ் இடுகின்றனர் என்று, கரண்ட் போன ஒரு மாலையில், பில்வேண்டாப் பெருங்கடையார் மொழிந்தார் (மேலது, இருளில் மொழிந்தவர் அவர்தாமா, எல்லாருமெடுத்தாரா என்பதில் ஐயம் உண்டு, குரல் கேட்டது மேல் ஷெல்ஃபிலிருந்து, அவ்விடத்தில் அப்போது மானிட்டர் அட்டைப் பெட்டிகளே இருந்தன, அப்பெட்டிகளை இடைச்செருகல் எனக் கருதுவாரும் உளர்). இவ்வொரு மேற்கோளை மட்டும் விரித்து ஐந்து கருத்தரங்குகளில் ஐந்து கட்டுரை வாசிக்கலாம். பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிட்டுத் தரும் ஆய்விதழ்களும் உள. அந்தக் கட்டணத்தில் ஒரு வருடத்துக்கான பேஸ்ட் வாங்கலாம்.

பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்துப் பூசும் மெழுகற் பள்ளி, காலியம் கலந்த திரவ உலோகத்தை நாடும் சித்தர் பள்ளி ஆகியனவும் குறிக்கத்தக்கன. பின்னதை அலுமினிய ஹீட் சிங்க்கில் இட்டால் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். சித்தர்கள் இதைப் பரிபாஷையில் சொல்லியிருக்கலாம்.

எந்த வடிவில் வைத்தாலும் ஹீட் சிங்க்கைத் திருகி இறுக்கியதும் அழுத்தத்தில் பரவி ஒன்றாகிவிடும் என்று சில நாத்திகர் கூறுவர். அவர்தம் கூற்றுக்கு அறிவியல் சான்று இருப்பதால் அதை இங்கே விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை. கழற்றும்போது மட்டும் கவனம் தேவை. ரைசன் 5 5600 அமரும் ஏ.எம்.4 சாக்கெட்டில் பேஸ்ட் காய்ந்திருந்தால், பிராசசரும் ஹீட் சிங்க்கோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கி வரும், பின்கள் வளையும். சிறிது நேரம் கேம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

ஓர் இடர்ப்பாட்டையும் நேர்மையாகக் குறிக்க வேண்டும். பெட்டிக்குள் ஃபேனோடு விற்கும் பாக்ஸ் பிராசசர்களில், அந்த ஃபேனின் அடியில் தொழிற்சாலையிலேயே பேஸ்ட் தடவி அனுப்பிவிடுகிறார்கள். இன்டெல்லின் பழைய ஃபேன்களில் அது சரியாக மூன்று கோடுகளாக இருக்கும். பட்டைப் பள்ளியினர் இதைத் தம் தொன்மைக்குச் சான்றாகக் கொள்வர். ஆகவே ஐம்பதாயிரத்துக்குள் பாக்ஸ் பிராசசர் வாங்கும் மாணாக்கர்க்கு மேற்கண்ட பள்ளிகள் ஒன்றாலும் ஒரு பயனும் இல்லை. ஃபேனே இல்லாத டிரே பிராசசர் வாங்கியோர்க்கே இப்பூசல் பொருந்தும் என்று வாதிடலாம். வாதிடட்டும். ஆய்வுப்பொருள் இல்லாமை நம் துறையில் ஆய்வுக்குத் தடையாக இருந்ததில்லை.

இரண்டாம் பகுதி ‘மவுஸ் பேடின் சமூகவியல்’ எழுதப்பட்டுவருகிறது. அதற்குள் வாங்கக் கிளம்பிவிட்டவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ரிச்சியில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை, சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். பெருங்கடையார் எவ்வளவு வற்புறுத்தினாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும்தான். ஆனால் கார்டு படுத்துக்கொண்டு வாரண்டிக்குப் போய் நிற்கும்போது, முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.