செத்தும் முன்னேறியவர்

ஏற்காட்டுக்கு ‘ஏழைகளின் ஊட்டி’ பட்டத்தை எந்த வாரியம் கொடுத்ததோ, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்னும் எங்களுக்கு இதுவரை தகவல் இல்லை. சேர்வராயன் மலை உதகையோடு மோதவும் இல்லை, தோற்கவும் இல்லை. இரண்டாமிடம் மட்டும் நிரந்தரம்.

தொழில்முறைக் குத்துச்சண்டையிலும் இதே நிர்வாகம்தான். டேரின் மோரிஸ் என்ற அமெரிக்க வீரர் 2000 அக்டோபரில் காலமானார். அதன் பிறகும் உலக சாம்பியன் பட்டம் வழங்கும் டபிள்யூ.பி.ஓ. அமைப்பு அவரை சூப்பர் மிடில்வெயிட் எடைப்பிரிவுத் தரவரிசையில் 7-ஆம் இடத்திலிருந்து 5-க்கு ஏற்றியது. 2001-இல்தான் விஷயம் வெளியே வந்தது. கமிட்டியைக் குறை சொல்ல முடியாது. உயிரோடிருந்தவர்கள் சண்டை போட்டுத் தோற்றார்கள். மோரிஸ் ஒன்றிலும் தோற்கவில்லையே!

அதே அமைப்பு, அதே எடை: 2016 ஜூலையில் டெல்லியில் நம்ம விஜேந்தர் சிங், கெர்ரி ஹோப்போடு 10 சுற்று மல்லுக்கட்டி ஆசிய பசிபிக் பட்டம் வாங்கினார். பாவம், அவர் நேரில் வர வேண்டியிருந்தது. இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.ஏ.வோ ஒரே எடைக்கு ‘சூப்பர்’ சாம்பியன், ‘ரெகுலர்’ சாம்பியன் என்று இருவரை வைத்துப் பார்த்தது. பட்டச் சண்டை ஒவ்வொன்றுக்கும் அமைப்புக்குக் கட்டணம் உண்டு என்பது தற்செயல்தான், நம்புங்கள்.

வடசென்னைக் குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரையும் இடியாப்ப நாயக்கர் பரம்பரையும் மோதிய காலத்தில் ஆள் மேடையேறியாக வேண்டும். மூச்சு இருக்கிறதா என்றாவது பார்த்தார்கள்.