சீயத்துக்கு நிழல் போடுதல்

உருண்டையான பொருளைப் பென்சிலால் வரையும்போது முதலில் கிடைப்பது வெறும் வட்டம். அதை உருண்டையாக்குவது நிழல். பழகுவதற்குச் செட்டிநாட்டில் சீயம் என்ற பொரித்த உருண்டைப் பலகாரத்தை மிஞ்சிய பொருளில்லை: ஆறியபின் அதிகம் மினுங்காது, விசேஷ வீட்டில் தட்டுத் தட்டாகக் கிடைக்கும். வரைந்து முடிப்பதற்குள் யாராவது தின்றுவிடுவது ஒன்றே குறை. உபரியாக நாலைந்து வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரவேண்டும். வளவு என்னும் நடுமுற்றத்தில் உச்சிவெயில் நேராக இறங்கும். காலையில் சாய்வாக விழுவதே வசதி. “கண்ணு போயிரும்யா” என்று ஆச்சி வந்து டியூப்லைட்டைப் போட்டால் சீயத்துக்கு இரண்டு நிழல் முளைக்கும்.

பலரும் வட்டத்தின் ஓரம் முழுக்கக் கறுப்பாக இழைத்து, நடுவில் வெள்ளை விடுகிறார்கள். அப்போது கிடைப்பது பணியாரச் சட்டியின் குழி. உண்மையில் கருமை ஓரத்தில் இல்லை. வெளிச்சம் நேராகப் படும் இடத்தில் பென்சில் தாளைத் தொடவே கூடாது. அங்கிருந்து விலக விலக நிழல் மெல்லக் கூடி, ஒளி எட்டாமல் வளையும் இடத்தில் பிறை வடிவக் கரும்பட்டையாகும். அதையும் தாண்டி ஓரத்துக்கு வந்தால் நிழல் சற்றே வெளுக்கும். இது எதிரொளி. வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்து பூசி மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரருகே சீயத்தை வைத்தால் இது பளிச்சென்று தெரியும்: சுவர், தன்மேல் பட்ட ஒளியை இருண்ட பக்கத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பிறைநிலாவின் இருண்ட பகுதி மங்கலாகத் தெரிவதும் பூமி திருப்பியனுப்பும் ஒளியால்தான். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி அதை எழுதிவைத்தார். எதிரொளி எவ்வளவு வெளுத்தாலும் வெயில் படும் பக்கத்தோடு போட்டி போடக்கூடாது.

தரையில் விழும் நிழல், சீயம் தொடும் இடத்தில் அடர்ந்தும் தள்ளிப்போகப் போக மங்கியும் இருக்கும். இதை விட்டுவிட்டால் சீயம் அந்தரத்தில் மிதக்கும்.

கிராஃபைட்டில் களிமண் கலந்து பென்சில் செய்யும் முறை 1795இல் பிரான்சின் கோந்தே கண்டது: களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கருமை. எச்பியில் தொடங்கி, 2பி, 4பி என்று ஏறி, 6பியைக் கரும்பட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். கோடுகள் உருண்டையின் வளைவோடு ஓடவேண்டும். விரலால் தேய்த்து மழுப்புவோர் உண்டு. சீயம் தின்ற விரலென்றால் தாளில் ஏறும் எண்ணெயை எந்த ரப்பரும் எடுக்காது.

அடுத்த பாடம் பர்மாத் தேக்குத் தூண். இதில் கரும்பட்டை வளையாமல் மேலிருந்து கீழே நேராக இறங்குவதால் வேலை சுலபம். எவர்சில்வர் குடத்தைக் கடைசியில் எடுப்பது நல்லது. அதில் வெள்ளையும் கறுப்பும் இடைநிழல் இல்லாமல் அடுத்தடுத்து நிற்கும். சுவர், தூண், வரைபவர் எல்லாம் கோணல்மாணலாகத் தெரிவார்கள். அவர்களையும் சேர்த்தே வரையவேண்டும்.